மளிகைச் செலவு எங்கே கசிகிறது? அறிகுறியைக் கொண்டு கண்டறிந்து சரிசெய்யும் வழிமுறை

மளிகைச் செலவு கைமீறிப் போகும்போது பெரும்பாலோர் முதலில் மாற்றுவது கடையைத்தான். நான்கு பேர் கொண்ட எங்கள் வீட்டிலும் பல ஆண்டுகள் அதையே செய்தோம். பருப்பு கிலோவுக்கு நான்கு ரூபாய் குறைகிறது என்று அடுத்த தெருவுக்கு நடந்தோம். மாதக் கடைசியில் கணக்கு நோட்டைக் கூட்டிப் பார்த்தால் பழைய தொகையே வந்து நின்றது. வாங்குகிற வேகமும் சமைக்கிற வேகமும் ஒத்துப்போகாத வீட்டில், எவ்வளவு மலிவாக வாங்கினாலும் ஒரு பங்கு குப்பைக்கூடைக்கே போகிறது என்பது வெகு தாமதமாகத்தான் புரிந்தது. கிலோ 40 ரூபாய்க்கு வாங்கிய கத்தரிக்காயில் கால் கிலோ சொத்தையாகிப் போனால், நாம் உண்ட கத்தரிக்காயின் விலை கிலோ 53 ரூபாய் ஆகிவிடுகிறது. எந்தக் கடைக்காரரும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் குறைத்துத் தர மாட்டார்.

எனவே எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம் குப்பைக் கணக்கு எழுதுங்கள். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். எறிந்த பொருள், ஏறத்தாழ அளவு, எறிந்த காரணம் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் குறித்துவிடுங்கள். அழுகியது, புளித்தது, பூச்சி விழுந்தது, மிஞ்சியது, இருப்பதே மறந்துபோனது என்று காரணங்கள் ஐந்தாறுக்கு மேல் போகா. எந்தக் காரணம் அடிக்கடி வருகிறதோ, கீழே அதற்குரிய பகுதிக்கு நேரே செல்லலாம்.

அறிகுறி: கீரை, கொத்தமல்லி, கறிவேப்பிலை இரண்டாம் நாளே வீணாகின்றன

கட்டை அவிழ்த்து நடுவில் இருக்கும் இலைகளைத் தொட்டுப் பாருங்கள். வெளியிலைகள் பச்சையாக இருக்க, உள்ளே கறுத்து, விரலில் கொழகொழவென்று ஒட்டினால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். இலைகள் தொங்கிப்போய், தொட்டால் துணி போலத் துவண்டு, ஆனால் பிசுபிசுப்பு இல்லாமல் இருந்தால் ஈரம் போதவில்லை. இரண்டும் பார்வைக்கு "வாடிவிட்டது" என்றே தோன்றும். ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை மற்றொன்றுக்குச் செய்தால் மறுநாளே மொத்தமும் போய்விடும். துவண்ட கீரைக்கும் அழுகத் தொடங்கிய கீரைக்கும் ஒரே மாதிரி தண்ணீர் தெளிக்கும் பழக்கமே இதில் பெரும்பாலான இழப்புக்குக் காரணம்.

ஈரம் மிகுந்த கட்டுக்கு: கடையில் வாடாமல் இருக்க அடிக்கடி தண்ணீர் தெளிப்பார்கள், இறுகக் கட்டிய நிலையிலேயே பிளாஸ்டிக் பையோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அந்த நீர் வெளியேற வழியில்லை. வீட்டுக்கு வந்தவுடன் கட்டை அவிழ்த்து, கெட்டுப்போன இலைகளைக் கிள்ளி எறிந்து, பருத்தித் துணியில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே அரைமணி நேரம் உலர விடுங்கள். பிறகு அதே துணியில் தளர்வாகச் சுற்றி டப்பாவில் வையுங்கள். கழுவுவதைச் சமைக்கும் நேரத்துக்கு ஒத்திவைக்க வேண்டும்.

துவண்ட கட்டுக்கு: கொத்தமல்லியையும் புதினாவையும் வேர்ப்பகுதி மட்டும் நனையும்படி ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் ஒரு மணி நேரத்தில் தலை நிமிரும். வேரை நறுக்கிய கட்டாக இருந்தால் தண்டின் நுனியைப் புதிதாக வெட்டிவிட்டு நிறுத்துங்கள்.

கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவி, கழுவாமல், அடியில் துணி விரித்த மூடிபோட்ட டப்பாவில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். முளைக்கீரை, சிறுகீரை போன்றவற்றைச் சேமிக்க முயல்வதே வீண். மறுநாளைக்கு மேல் அவற்றை வாங்கி வைக்காதீர்கள். முருங்கைக்கீரை மட்டும் இதற்கு விலக்கு. ஓர் இரவு துணியில் இறுகச் சுற்றி வைத்தால் காலையில் உதறியவுடன் இலைகள் தாமாகவே உதிர்ந்து, ஆய்கிற வேலையும் மிச்சமாகிறது.

அறிகுறி: வாரத் தொடக்கத்தில் பை நிறையக் காய், வாரக் கடைசியில் பாதி சுருங்கிக் கிடக்கிறது

இது பெரும்பாலும் வரிசைப் பிழை. விரைவில் வாடும் காயை முதலில் சமைக்காமல், அன்றன்று ஆசைப்பட்டதைச் சமைக்கிறோம். கீரைக்குப் பின் வெண்டைக்காய், அவரைக்காய், பீர்க்கங்காய். அதன்பின் கத்தரிக்காய், முருங்கைக்காய். அடுத்து கோஸ், கேரட், பீட்ரூட். கடைசியில் சேனை, சேப்பங்கிழங்கு, உருளை, வெட்டாத பூசணி. இந்த வரிசையை ஒரு முறை பழகிவிட்டால் வேறு பட்டியல் தேவையில்லை. பூசணிக் கீற்று மட்டும் வெட்டியதாக வருவதால் அதை வாங்கிய மறுநாளே முடித்துவிட வேண்டும்.

வரிசை சரியாக இருந்தும் வாடினால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். வாழைப்பழமும் பழுத்த தக்காளியும் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. அவற்றுக்கு அருகில் கூடையில் கிடக்கும் மற்றக் காய்கள் விரைவில் முற்றி மஞ்சளாகும். வாழைச்சீப்பைத் தனியே தொங்கவிடுங்கள். உருளைக்கிழங்கு வெளிச்சம் பட்டால் பச்சை பூக்கும். அந்தப் பச்சைப் பகுதியில் சோலனைன் என்னும் நச்சுப்பொருள் கூடுவதால் அதைத் தாராளமாக வெட்டி நீக்க வேண்டும், முழுக்கப் பச்சையாகிவிட்டதை எறிந்துவிட வேண்டும். கூடையை இருட்டில் வைத்திருந்தால் இந்த இழப்பே வந்திராது. சின்ன வெங்காயத்துக்குக் காற்றோட்டமே முதன்மை என்பதால் அதை உருளையோடு கலந்து ஒரே பாத்திரத்தில் கொட்டாதீர்கள்.

உழவர் சந்தையில் வாங்குவோருக்கு ஒரு சொல். 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதலாவது சந்தை தொடங்கியதிலிருந்து, விளைவித்தவரே நேரடியாக விற்பதும், அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைப்பதும் அதன் பெரும் பயனாக இருக்கின்றன. ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு வாரக் காயைக் கூடையில் அள்ளி வருவதால்தான் பல வீடுகளில் இந்த அறிகுறி தோன்றுகிறது. பேருந்துக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, நான்கு நாளுக்கு மட்டும் வாங்குவது எங்களுக்குச் சரியாக வந்தது.

அறிகுறி: அரிசியில் வண்டு, பயறில் துளை, ரவையில் நூலாம்படை

மூன்றும் மூன்று வேறு பூச்சிகளின் வேலை. ஆகவே எல்லா டப்பாவிலும் இரண்டு வேப்பிலையைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் பயன் குறைவு.

அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு வாயை அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். அதாவது, மூட்டையைத் திறந்த அன்று ஒரு வண்டுகூட இல்லை என்பதால் அரிசி சுத்தமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒரு பிடி அரிசியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: உள்ளே குடையப்பட்ட மணிகள் மிதக்கும். நாலைந்து மிதந்தால், அந்த மூட்டையை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று தெரிந்துகொள்ளலாம். வண்டு ஏறிவிட்ட அரிசியைக் கொளுத்தும் வெயிலில் காயவைப்பவர்கள் உண்டு. வண்டு ஓடும் என்பது உண்மைதான், ஆனால் மணி வெடித்து, சமைக்கும்போது நொறுங்கிக் குழைகிறது. நிழலில் மெல்லிய படுகையாகப் பரப்பி, வண்டுகள் ஊர்ந்து விலகியபின் புடைத்து எடுப்பதே நல்லது. அந்த அரிசி உண்ணத் தகாதது அன்று. களைந்து சமைக்கலாம், அல்லது இட்லிக்கு ஊறவைக்கலாம்.

பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றில் விழுவது பயறு வண்டு. இது முட்டையை மணியின் மேலேயே ஒட்டிவைக்கும். ஒரு பிடி பயறை உள்ளங்கையில் பரப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், உப்புப் பொடி ஒட்டியது போன்ற வெண்புள்ளிகள் தெரியும். வட்டத் துளையைக் காண்பதற்கு முன்பே இந்தப் புள்ளிகளைக் கண்டுவிட்டால் பயறைக் காப்பாற்றலாம். கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெயை எல்லா மணியிலும் படும்படி பிசறி வைப்பது நம் பாட்டிமார்களின் வழக்கம். மேலே படியும் எண்ணெய் முட்டைக்குக் காற்று போகாமல் தடுப்பதால் அது பொரிவதில்லை. வாசனைக்காகச் செய்தது அன்று. துவரைக்குச் செம்மண் பூசிக் காயவைத்து, பருப்பாக உடைத்து வைத்ததிலும் பயன் உண்டு: உடைத்த பருப்பில் இந்த வண்டு எளிதில் வளர்வதில்லை, முழு மணிதான் அதற்கு வீடு. ஆகவே முழுப் பயறைக் கால் கிலோ, அரைக் கிலோவாகவும், உடைத்த பருப்பை மாதத்துக்கு வேண்டியதாகவும் வாங்குங்கள்.

ரவையிலும் மாவிலும் நூலாம்படை போலக் கட்டி கட்டியாகத் தெரிந்தால் அது அந்துப்பூச்சியின் புழு. கட்டிப்போனதை எடுத்துவிட்டு மீதியைச் சமைக்கலாமா என்று தயங்காமல் எறிந்துவிடுங்கள். அடுத்த முறை ரவையை வாங்கியவுடன் வறுத்து ஆறவைத்து டப்பாவில் இடுங்கள். வறுக்க முடியாத மாவைப் பொட்டலத்தோடு ஃப்ரீசரில் ஐந்தாறு நாள் வைத்து எடுத்தால் முட்டைகள் செத்துவிடும்; எடுத்தவுடன் திறக்காமல், வெளிவெப்பத்துக்கு வந்தபின் திறந்தால் ஈரம் கோக்காது.

ஒரு தடை: அரிசியில் போரிக் பவுடர் கலந்து வைப்பது இன்னமும் சில வீடுகளில் தொடர்கிறது. அது உண்ணும் பொருளில் சேரக்கூடாத நஞ்சு. கிடங்குகளில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை அதைவிடக் கொடியது. அதிலிருந்து கிளம்பும் வாயு மூடிய வீட்டில் உயிரைப் பறிக்கும்.

புதிய சரக்கைப் பழைய சரக்கின் மேல் கொட்டுவதையும் நிறுத்துங்கள். டப்பாவைக் காலிசெய்து, துடைத்து, வெயிலில் வைத்தபின் நிரப்பினால், பழைய பூச்சி புதிய அரிசிக்குக் குடிபெயர வழியிராது. எங்கள் வீட்டில் இந்த ஒன்றைத் தவறவிட்டதால் ஒரு மழைக்காலத்தில் ஆறு கிலோ அரிசி போயிற்று.

அறிகுறி: அரைத்த இட்லி மாவு மூன்றாம் நாள் புளித்துப்போகிறது

நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று அரைத்த மாவு முழுவதையும் ஒரே பாத்திரத்தில் இரவெல்லாம் வெளியே வைத்துவிட்டு, காலையில் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றுவதுதான் பெரும்பாலும் காரணம். உள்ளே சென்றபின்னும் நொதித்தல் நிற்பதில்லை, மெதுவாகத் தொடர்கிறது. அரைத்தவுடன் மாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பொங்கும் முன்பே உள்ளே வைத்துவிடுங்கள். முதல் பாதி தீரும் நாளுக்கு முந்தைய மாலையில் வெளியே எடுத்தால் அது அப்போதுதான் அரைத்த மாவைப் போலப் பொங்கும். தோசைக்கு வேண்டியதைச் சிறு கிண்ணத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்பப் பெரிய பாத்திரத்தில் ஊற்றக்கூடாது.

ஏற்கெனவே புளித்துவிட்டதா? முதல் நாள் இட்லி, அடுத்த இரு நாள் தோசை, நான்காம் நாள் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் தூவிய ஊத்தப்பம், அதற்கும் பின் கடுகு தாளித்துக் கொட்டிய குழிப்பணியாரம். புளிப்பு ஏற ஏறப் பலகாரமும் மாறுவது நம் சமையலில் எப்போதும் இருந்த ஏற்பாடு. ஆனால் புளிப்பு வேறு, கெடுதல் வேறு. மேலே இளஞ்சிவப்பு, ஆரஞ்சு அல்லது கறுப்புப் புள்ளி தெரிந்தால் அந்தப் பாத்திரத்து மாவு முழுவதும் குப்பைக்கே உரியது. மேலாக வழித்துவிட்டுப் பயன்படுத்தாதீர்கள்.

அறிகுறி: தினமும் சோறு மிஞ்சுகிறது

ஏழு நாள் ஒரே டம்ளரால் அளந்து போட்டு, இரவில் மிஞ்சியதையும் அதே டம்ளரால் அளந்து எழுதுங்கள். எல்லா நாளும் மிஞ்சினால் அளவில் பிழை. அரை டம்ளர் அரிசியைக் குறைத்தால் தீர்ந்தது. சில நாள் மட்டும் மிஞ்சினால், வெளியே சாப்பிட்டுவிட்டு வருபவர் முன்கூட்டியே சொல்லாததே காரணம், அதை அரிசியால் சரிசெய்ய முடியாது. "யாராவது வந்துவிட்டால்?" என்ற அச்சத்தில் தினமும் ஒரு பிடி கூடப் போடும் பழக்கத்துக்கு மாற்றாக, அவலும் சேமியாவும் வீட்டில் எப்போதும் இருக்கட்டும், விருந்தாளி வந்த கால்மணி நேரத்தில் உப்புமா ஆகிவிடும்.

மிஞ்சிய சோற்றைக் கையாளும்போது சிக்கனத்தைவிடப் பாதுகாப்பு முந்த வேண்டும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் வெந்தபின்னும் பிழைத்திருக்கும். சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன, அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் போவதில்லை. எனவே மறுநாள் எலுமிச்சைச் சாதத்துக்கோ புளிச்சோற்றுக்கோ வேண்டுமானால், அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பழையதுக்கு வைப்பதானால், சுத்தமான பாத்திரத்தில் சோறு முழுதும் மூழ்கத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையிலேயே உண்டு முடிக்க வேண்டும்; மதியத்துக்குத் தள்ளக்கூடாது.

அறிகுறி: உடைத்த தேங்காயில் பாதி வழவழப்பாகிறது

கண் உள்ள மூடி முதலில் கெடும். அதை உடைத்த அன்றே செலவழித்து, மற்றதைப் பிறகு எடுங்கள். சமையலுக்குத் தேங்காய் குறைவாகச் செலவாகும் வீடென்றால், இரண்டு மூடியையும் அன்றே துருவி, ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி என்று பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுவது மேல். உடைக்காத காயைக் குடுமியோடு, கண் பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்தால் நெடுநாள் கெடாது.

அறிகுறி: மலிவாகத்தான் வாங்குகிறோம், ரசீது மட்டும் குறையவில்லை

முதலில் பொட்டலத்தின் எடையைப் பாருங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். பக்கத்துப் பாக்கெட்டில் அதே அளவாகத் தோன்றும் எண்ணெய் 850 மில்லியாகவோ 800 கிராமாகவோ இருக்கலாம். இப்போது பெரும்பாலான பொட்டலங்களில் அதிகபட்சச் சில்லறை விலைக்கு அருகிலேயே ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ எவ்வளவு என்பதும் அச்சிடப்படுவதால், அந்த ஓர் எண்ணை ஒப்பிட்டால் போதும். அரிசியிலும் இதே சிக்கல் உண்டு. முன்கூட்டியே பொட்டலமிட்டுப் பெயரச்சிட்ட அரிசிக்கு, 25 கிலோ வரை, 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தபின், 26 கிலோ மூட்டைகள் கடைகளில் பெருகின. ஆகவே மூட்டை விலையை மூட்டை விலையோடு ஒப்பிடாமல், கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள்.

அடுத்து, தேதி. "இந்தத் தேதிக்குள் பயன்படுத்துக" என்பது பாதுகாப்புக்கான எல்லை. அதைக் கடந்ததைத் தொடாதீர்கள். "இந்தத் தேதிக்கு முன் சிறந்தது" என்பது சுவையும் மணமும் குறையத் தொடங்கும் நாள். சரியாக மூடிவைத்த மிளகுத்தூள் அந்த நாளைத் தாண்டியதற்காகவே குப்பைக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று வரும் பொருள்களில் இந்தத் தேதி பெரும்பாலும் நெருங்கியிருப்பதைக் கவனித்திருக்கிறேன்; மாதத்துக்கு ஒரு பொட்டலம் தீரும் வீட்டுக்கு மூன்றாவது பொட்டலம் இலவசம் அன்று.

ரேஷன் அட்டை இருந்தும் பொருள் வாங்காமல் விடுபவர்கள் நடுத்தர வீடுகளில் ஏராளம். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பதை வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், வரிசையில் நிற்கும் அரைமணி நேரத்துக்குக் கூலி தெரியும். சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்று ஒதுக்கும் புழுங்கலரிசி இட்லி மாவுக்கு மிக நன்றாகவே பொருந்துகிறது.

திடீர் விலையேற்றத்தில் ரசீது வீங்குவது தனி வகை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. அப்படிப்பட்ட வாரங்களில் தக்காளிக்குச் செலவழிப்பதை விட்டு, மோர்க்குழம்பு, மாங்காய்ப் பருப்பு, வற்றல்குழம்பு, எலுமிச்சை ரசம் என்று சமையலைத் திருப்பிவிடலாம். விலை சரிந்து கிடக்கும் வாரத்தில் மூன்று கிலோ வாங்கித் தொக்கு கிளறி, மேலே எண்ணெய் மிதக்கும்படி வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்துவந்தால் அடுத்த ஏற்றத்தில் பாதியைத் தாண்டலாம்.

எண்ணெயில் மட்டும் சிக்கனத்தை நீட்ட வேண்டாம். பொரித்த எண்ணெயில் போலார் சேர்மங்கள் (சூடாக்கச் சூடாக்க எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் உள்ளது. வீட்டில் அதை அளக்கக் கருவி கிடையாது. நிறம் கறுத்து, நுரை அடங்காமல், காய்ந்த நாற்றம் வந்தால் அந்த எல்லை நெருங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். சிறு வாணலியில் குறைவாக ஊற்றி இரண்டு தவணையாகப் பொரித்தால் மிஞ்சுவதே சிறிதளவுதான். அதை மறுநாள் தாளிப்புக்குத் தீர்த்துவிடலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தொகை இறங்காவிட்டால், கடந்த மூன்று மாத ரசீதுகளை எடுத்து, உணவல்லாத வரிகளை மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிடுங்கள். சோப்பு, துணிப்பொடி, ஷாம்பு, கொசுவர்த்தி எல்லாம் "மளிகை" என்ற ஒரே தலைப்பில் ஒளிந்திருக்கும். எங்கள் நோட்டில் அவற்றைத் தனிப் பக்கத்துக்கு மாற்றிய மாதத்தில்தான், ஓராண்டாகக் குறை சொல்லிக்கொண்டிருந்த பருப்பின் மேல் ஒரு பிழையும் இல்லை என்று தெரிந்தது.